ஆங்கிலச் சொற்றொடர்வினைகளும் தமிழ்த் துணைவினைகளும்: பொருள் கற்றலில் ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்க்குக் 'கிவ்' என்பதன் பொருள் தெரியும். 'அப்' என்பதன் பொருளும் தெரியும். இரண்டும் சேர்ந்து 'கிவ் அப்' என வரும்போது 'கைவிடு' என்னும் பொருள் எங்கிருந்து வந்தது என்பது தெரிவதில்லை. 'கொடு' என்பதும் 'மேலே' என்பதும் சேர்ந்தால் 'கைவிடு' என ஆவதற்குத் தமிழறிவில் எந்த அடிப்படையும் இருப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை. ஆகவே அதனை மனப்பாடம் செய்கிறார். 'கிவ் இன்', 'கிவ் அவே', 'கிவ் அவுட்' என அடுத்தடுத்து வருவனவற்றையும் மனப்பாடம் செய்கிறார். மேல்நிலை வகுப்பு ஆங்கிலத் தேர்வுகளிலும் போட்டித் தேர்வுகளிலும் இவை வினாக்களாக இடம்பெறுவதால் மனப்பாடத்திற்கு உடனடிப் பயனும் கிடைத்துவிடுகிறது. தேர்வு முடிந்தபின் அவர் பேசும் ஆங்கிலத்தில் இவ்வினைகள் அருகியே வருகின்றன.

இவ்வகை வினைகள் ஆங்கிலத்திற்கே உரியவை, தமிழில் இவற்றுக்கு இணை இல்லை என்னும் எண்ணம் கற்போரிடமும் கற்பிப்போரிடமும் பரவலாக உள்ளது. இக்கட்டுரை அதனை மறுக்கிறது. 'அப்', 'ஆஃப்', 'அவுட்' முதலிய சொற்கள் ஆங்கில வினையோடு சேர்ந்து செய்யும் வேலையைத் தமிழில் 'மேலே', 'வெளியே' என்னும் இடப்பொருட் சொற்கள் செய்வதில்லை. அவ்வேலையில் பெரும்பகுதியை விடு, போ, போடு, வை, கொள் முதலிய துணைவினைகள் செய்கின்றன. இணையைத் தவறான இடத்தில் தேடுவதனாலேயே இணை இல்லை என்னும் முடிவு எட்டப்படுகிறது. ஒப்புமை எங்கே நிற்கிறது, எங்கே முறிகிறது என்னும் இரண்டும் இங்கு ஆராயப்படுகின்றன. ஆங்கில எடுத்துக்காட்டுகள் ஒலிபெயர்ப்பாகத் தமிழ் எழுத்துகளிலேயே தரப்படுகின்றன.

பெயரும் வரலாறும்

ஆங்கிலத்தில் 'பிரேசல் வெர்ப்' எனப்படும் இவ்வமைப்புக்கு இக்கட்டுரையில் 'சொற்றொடர்வினை' என்னும் சொல் ஆளப்படுகிறது. வினையோடு சேரும் 'அப்', 'டவுன்' முதலியவற்றை 'இடைச்சொல்' எனக் குறிக்கும் வழக்கமும் உண்டு. அது முற்றிலும் பொருந்துவதன்று. தொல்காப்பியர் கூறும் இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்து நடப்பது. தனித்து இயங்கும் இயல்பு அதற்கு இல்லை. ஆங்கில 'அப்' தனித்து நின்று 'மேலே' எனப் பொருள்தரும் ஆற்றலுடையது. வினையைச் சார்ந்தபோதே அப்பொருளை ஓரளவோ முழுமையாகவோ இழக்கிறது. எனவே 'சார்சொல்' என்னும் பொதுப்பெயரே இங்குக் கொள்ளப்படுகிறது.

சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வமைப்பு அயல்மொழியினர்க்குப் பெரிதும் இடர்தருவது எனக் குறிப்பிட்டார். அமைப்புக்கு இன்றுள்ள பெயர் பரவியது லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலின் வழியாகும். அப்பெயரைத் தமக்குப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என அவரே கூறுகிறார். டுவைட் பாலிஞ்சர் 1971இல் இவ்வமைப்புக்கென்றே தனிநூல் எழுதினார்.

தமிழாய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய வரலாற்றுச் செய்தி இதற்கும் முந்தியது. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சார்சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னொட்டாகவே வந்தன. இடைக்கால ஆங்கிலத்தில்தான் அவை வினைக்குப் பின்னே செல்லும் முறை வலுப்பெற்றது. ஸ்காண்டிநேவிய மொழித் தொடர்பு இம்மாற்றத்திற்குத் துணைசெய்தது என்பது பலர் கருத்தாகும். பழைய முறையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. 'அப்ஹோல்ட்' என்பது தீர்ப்பை உறுதிசெய்வது. 'ஹோல்ட் அப்' என்பது தாமதப்படுத்துவது, வழிமறித்துக் கொள்ளையிடுவது. உறுப்புகள் இரண்டும் ஒன்றே. வரிசை மாறப் பொருளும் மாறியது.

இப்பழைய வரிசை தமிழுக்குப் புதியதன்று. மேற்கொள், உட்கொள், புறப்படு, வெளியிடு, முன்வை, எதிர்பார் ஆகிய வினைகளைப் பிரித்து நோக்கினால் இது விளங்கும். மேல் என்பதும் கொள் என்பதும் சேர்ந்த 'மேற்கொள்', 'டேக் அப்' என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நேராகிறது. உள்ளும் கொள்ளும் சேர்ந்த 'உட்கொள்', 'டேக் இன்' என்பதற்கு நேராகிறது. 'வெளியிடு' என்பதோடு 'புட் அவுட்', 'முன்வை' என்பதோடு 'புட் ஃபார்வர்டு' ஆகியவற்றையும் இவ்வாறே வைத்துப் பார்க்கலாம். இவற்றுள் சில ஆங்கிலத்தின் செல்வாக்கால் வழக்கு மிகுந்தனவாக இருத்தல் கூடும். எனினும் அமைப்பு தமிழின் சொந்த அமைப்பே. 'மேற்கொள்' என்னும் வினை திருக்குறளின் சான்றாண்மை அதிகாரத்திலேயே 'ஏற்று ஒழுகு' என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. 'மேற்கொள்' என்பதில் உயரம் எங்கே உள்ளது என எந்தத் தமிழ் மாணவரும் கேட்பதில்லை. 'டேக் அப்' என்பதில் மட்டும் கேட்கிறார்.

பட்டியலின் எல்லை

சொற்றொடர்வினைகளைக் கற்பிக்க இன்று பெரிதும் பயன்படுவது பட்டியல். பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் ஆங்கிலப் பேச்சு நூல்கள் முதல் தேர்வு வழிகாட்டிகள் வரை, வினையை அகரவரிசையில் நிறுத்தி, எதிரே ஒரு தமிழ்ச்சொல்லைத் தருவதே பெருவழக்கு. 'கோ ஆஃப்' என்பதற்கு நேரே 'வெடி' என்றோ 'ஒலி' என்றோ ஒரு பொருள் இருக்கும். 'அலாரம்' ஒலித்தது என்பதற்கும் விளக்கு அணைந்தது என்பதற்கும் பால் கெட்டுப்போயிற்று என்பதற்கும் அவன் எங்கோ போய்விட்டான் என்பதற்கும் ஆங்கிலத்தில் 'வென்ட் ஆஃப்' என்பது ஒன்றே வரும். பட்டியலை நம்பிய மாணவர் விளக்கு ஒலித்ததாகப் பொருள்கொள்ள நேர்கிறது.

கார்ட்னர், டேவிஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியத் தேசியச் சொற்கோவையில் வரும் சொற்றொடர்வினை ஆட்சிகளில் பாதிக்குமேல் வெறும் 20 வினைகளால் அமைந்தவை எனக் காட்டியது. மிகுதியாக வரும் 100 சொற்றொடர்வினைகள் ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பொருளுடையன என்பதும் அவ்வாய்வின் முடிவு. கோ, கம், டேக், கெட், புட் என வினைகள் சிலவே. அவற்றைப் பலவாக்குவன சார்சொற்கள். கற்பிக்கும் பட்டியலோ வினையை முதன்மையாக வைத்துச் சார்சொல்லை வாலாகக் கருதுகிறது. 1989இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் சொற்றொடர்வினை அகராதி, சார்சொற்களின் பொருள்களைத் தனியே தொகுத்துப் பின்னிணைப்பாகத் தந்தது. தமிழ் வழிகாட்டி நூல்கள் அம்முறையைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை.

சார்சொல்லின் பொருள் ஒழுங்கற்றதன்று என்பதற்குச் சூசன் லிண்ட்னர் 1981இல் அளித்த முனைவர்பட்ட ஆய்வேடு முக்கியச் சான்றாகும். 'அவுட்', 'அப்' ஆகிய இரண்டும் வரும் வினைகளை மட்டும் தொகுத்து, அவற்றின் பொருள்கள் ஒன்றோடொன்று தொடர்புடைய கிளைகளாக விரிவதை அவர் நிறுவினார். 'கோ ஆஃப்' என்பதன் நான்கு பொருளையும் அவ்வாறே நோக்கலாம். 'ஆஃப்' பிரிவை உணர்த்துகிறது. அவன் இடத்தைவிட்டுப் பிரிந்தான். விளக்கு மின்னோட்டத்தை விட்டுப் பிரிந்தது. பால் தன் நல்ல நிலையை விட்டு நீங்கியது. அடங்கியிருந்த மணி அடக்கத்தை விட்டு வெளிப்பட்டது. தமிழில் 'கிளம்பு' என்னும் வினையும் இதற்கு அருகே வருகிறது. பேருந்தும் கிளம்புகிறது, சத்தமும் கிளம்புகிறது. இரண்டும் எவ்வாறு ஒரே சொல்லாயின எனத் தமிழர் வியப்பதில்லை.

துணைவினை செய்யும் வேலை

'ஈட் அப்' என்பதில் உள்ள 'அப்' திசையைக் குறிப்பதன்று. உணவு முழுவதும் தீர்ந்தது என்பதைக் குறிக்கிறது. 'மேலே தின்' எனப் பெயர்ப்பது பொருளற்றது. 'தின்றுவிடு', 'தின்று தீர்' என்பனவே அதன் தமிழ். 'விடு' தன் சொந்தப் பொருளில் 'நீங்கச் செய்', 'பிடியைத் தளர்த்து' என நிற்பது. 'தின்றுவிடு' என்பதில் எதனையும் யாரும் விடுவதில்லை. தனிநிலையில் இடப்பொருளோ செயற்பொருளோ உடைய ஒரு சொல், மற்றொரு வினையைச் சார்ந்தவுடன் நிறைவைக் காட்டும் கருவியாக மாறுகிறது. 'அப்' என்பதற்கும் 'விடு' என்பதற்கும் நேர்ந்தது ஒன்றே.

இம்மாற்றத்தைத் தமிழ் இலக்கண மரபு முன்பே கண்டுள்ளது. ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கத்தில் விடு, ஒழி ஆகியவற்றைத் துணிவுப் பொருளை உணர்த்தும் விகுதிகளாகவும், கொள் என்பதைத் தற்பொருட்டுப் பொருளை உணர்த்தும் விகுதியாகவும் காட்டுகிறார். வடிவத்தில் முழுவினையாக உள்ளவற்றை விகுதி எனக் கொண்டமை, அவை வினைப்பொருளை இழந்தன என்னும் தெளிவினால் ஆகும். இக்கால மொழியியலில் இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட தமிழ் வினை விரிவு பற்றிய நூலும், தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இக்காலத் தமிழ் இலக்கணமும் இவற்றை விரிவாக விளக்கியுள்ளன. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினையைத் தனி இலக்கண வகையாகக் காட்டிப் பொருள் தந்தது. கருவிகள் இருக்கின்றன. ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பறைக்கு அவை சென்று சேரவில்லை.

சில துணைவினைகளைத் தனித்தனியே நோக்குதல் தகும். விரும்பத்தகாத மாற்றத்தைப் 'போ' உணர்த்துகிறது: கெட்டுப்போ, நின்றுபோ, உடைந்துபோ. வண்டி பழுதாகி நின்றுபோவதை ஆங்கிலம் 'பிரேக் டவுன்' என்கிறது. பிற்பயன் கருதிச் செய்வதை 'வை' உணர்த்துகிறது. எழுதிவை என்பது 'ரைட் டவுன்', சேர்த்துவை என்பது 'சேவ் அப்', எடுத்துவை என்பது 'புட் அவே'. இங்கே ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு சார்சொற்கள் வர, தமிழில் துணைவினை ஒன்றே நிற்பது கவனிக்கத்தக்கது. ஒன்றுக்கு ஒன்று என்னும் வாய்பாடு அமையாது என்பதை இது முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. மிகுதியாகவும் வேகமாகவும் செய்வதைத் 'தள்ளு' உணர்த்தும். 'எழுதித் தள்ளினார்' என்பதற்கு 'சர்ன் அவுட்' என்பது ஏறக்குறைய நேர். இரண்டிலும் ஏதோ ஒன்று வெளியே தள்ளப்படுகிறது.

இரண்டு வினைகள் சேர்ந்து புதுவினையாகவே இறுகிவிட்டவை இன்னும் பயனுடையவை. 'பார்த்துக்கொள்' என்பது பார் என்பதிலிருந்து பிறந்தது. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் பார்த்துக்கொண்டு நிற்பது பொருளன்று, பேணுவதே பொருள். 'லுக் ஆஃப்டர்' என்பதும் பார்த்தலில் தொடங்கிப் பேணலில் முடிகிறது. 'கண்டுபிடி' என்பதில் காணுதலும் பிடித்தலும் உள்ளன. 'ஃபைன்ட் அவுட்' என்பதிலும் காணுதலே அடி. 'காட்டிக்கொடு' என்பதில் கொடுத்தல் உள்ளது. 'கிவ் அவே' என்பதிலும் கொடுத்தல் உள்ளது. இரண்டும் மறைவை வெளிப்படுத்தித் துரோகம் செய்தலைக் குறிக்கின்றன. 'விட்டுக்கொடு' என்பதற்குக் 'கிவ் இன்' அமையும். 'பொறுத்துக்கொள்' என்பதற்குப் 'புட் அப் வித்' அமையும்.

இவற்றுள் மிகத் தெளிவான இணை 'புட் ஆஃப்' என்பதாகும். 'புட்' என்பதற்குப் பேச்சுத்தமிழ் தரும் சொல் 'போடு'. 'ஆஃப்' விலக்கத்தைக் குறிப்பது. விலக்கத்தைக் குறிக்கும் 'தள்ளி' என்னும் எச்சத்தோடு போடு சேர, 'தள்ளிப்போடு' ஆகிறது. திருமணத்தையோ தேர்வையோ பின்னொரு நாளுக்கு மாற்றுவது இரு மொழியிலும் இதன் பொருள். ஒப்புமை இத்துடன் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' பேச்சுக்கும் இயல்பான எழுத்துக்கும் உரியது. லத்தீன் வழிவந்த 'போஸ்ட்போன்' அலுவல் நடைக்கு உரியது. தமிழிலும் 'தள்ளிப்போடு' பேச்சுக்கு உரியது. அறிக்கையில் 'ஒத்திவை' வரும். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, பயணம் தள்ளிப்போடப்படுகிறது. இந்நடைவேறுபாட்டை உணர்ந்த தமிழ் மாணவர்க்கு, ஆங்கிலத்தில் எங்கே 'போஸ்ட்போன்' எங்கே 'புட் ஆஃப்' என்பதைத் தனியே விதியாகக் கற்பிக்கவேண்டிய தேவை குறைகிறது.

இவ்விறுக்கத்தைச் சோதிக்கவும் தமிழில் வழியுண்டு. 'வந்துவிட்டான்' என்பதில் ஏகாரத்தை நுழைத்து 'வந்தேவிட்டான்' எனலாம். பொருள் வலுப்பெறுமே தவிர மாறாது. 'தள்ளியே போட்டான்' என்றால் ஒத்திவைத்தான் என்னும் பொருள் அழிந்து, ஒரு பொருளைத் தொலைவில் போட்டான் என்பதே எஞ்சும். ஆங்கில இலக்கண நூல்களில் அடிக்கடி வரும் 'ரேன் அப் எ ஹில்', 'ரேன் அப் எ பில்' என்னும் இணையும் இத்தகையதே. முன்னதில் ஒருவன் குன்றேறி ஓடினான். பின்னதில் கடன் ஏறிற்று. பின்னதில் மட்டும் 'அப்' என்பதை 'பில்' என்பதற்குப் பின் நகர்த்த முடியும். குன்றில் ஏறியது போலவே கடனும் 'ஏறிற்று' எனத் தமிழும் சொல்வது தற்செயலன்று.

ஒப்புமை முறியும் இடங்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு 'அப்' வரும் இடமெல்லாம் 'விடு' என்றும், 'விடு' வரும் இடமெல்லாம் 'அப்' என்றும் கொள்வது பெரும்பிழையாகும். 'விடு' தமிழில் ஏறத்தாழ எல்லா வினையோடும் சேரும். 'வந்துவிட்டான்' என்பதைக் 'கேம் அப்' எனப் பெயர்த்தால் 'அருகே வந்தான்' என்றோ 'மேலேறி வந்தான்' என்றோ ஆகிவிடும். அங்கு 'விடு' உணர்த்தும் நிறைவை ஆங்கிலம் கால அமைப்பால் காட்டுகிறது, சார்சொல்லால் அன்று. நிறைவுப்பொருளில் 'அப்' செயப்படுபொருள் முழுதும் பாதிப்புறும் வினைகளையே பெரிதும் சாரும்: தின்னல், குடித்தல், எரித்தல், செலவழித்தல், கிழித்தல்.

எரித்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. 'பர்ன் அப்' என்பது எரிந்து தீர்தல். 'பர்ன் டவுன்' என்பது கட்டடம் எரிந்து தரைமட்டமாதல். காகிதத்திற்கு முன்னது, வீட்டுக்குப் பின்னது. 'எரிந்துபோயிற்று' என்னும் தமிழ் இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. சார்சொல் தன் இடப்பொருளை முற்றிலும் இழக்கவில்லை, உள்ளே ஒரு படமாக வைத்திருக்கிறது என்பதற்கு இது சான்று. தமிழ்த் துணைவினையில் அப்படம் இதனினும் மங்கியது. மறுபுறம், 'வந்து தொலைந்தான்' என்பதில் 'தொலை' காட்டும் எரிச்சலுக்கு ஆங்கிலச் சார்சொல் எதுவும் ஈடாகாது. பேசுவோன் மனநிலையைத் தமிழ்த் துணைவினை காட்டும். ஆங்கிலச் சார்சொல்லுக்கு அவ்வேலை இல்லை எனலாம்.

அமைப்பிலும் இரண்டும் கண்ணாடி உருப்போல எதிரெதிரானவை. 'தின்றுவிட்டான்' என்பதில் பொருள்தரும் வினை எச்சமாக உறைந்து நிற்க, காலமும் பாலும் துணைவினையில் வருகின்றன. 'ஏட் அப்' என்பதில் காலம் முதல் வினையில் உள்ளது. சார்சொல் உறைந்து நிற்கிறது.

இயக்கத்தைக் கூறும் முறையில் உள்ள வேறுபாடு இவற்றிலும் ஆழமானது. லெனார்டு டால்மி மொழிகளை, இயக்கத்தின் திசையை வினையிலேயே அடக்குவன, வினையைச் சார்ந்த சிறுசொல்லில் காட்டுவன என இருவகைப்படுத்தினார். தமிழை அவர் முதல்வகையிலும் ஆங்கிலத்தை இரண்டாம் வகையிலும் சேர்க்கிறார். ஏறு, இறங்கு, நுழை, திரும்பு என்னும் தமிழ் வினைகளில் திசை உள்ளடங்கியுள்ளது. எவ்வாறு இயங்கினான் என்பது எச்சமாக முன்வரும்: 'ஓடி வெளியேறினான்'. ஆங்கிலத்தில் ஓட்டம் வினையாகி, வெளியேற்றம் 'அவுட்' என்னும் சிறுசொல்லாகி, 'ரேன் அவுட்' என அமைகிறது. தமிழ் வழியே ஆங்கிலத்தை நினைப்பவர் திசையை அடக்கிய வினையையே தேடுவார். 'என்டர்', 'எக்சிட்', 'ரிட்டர்ன்' முதலிய லத்தீன், பிரெஞ்சு வழிச் சொற்கள் அவர்க்கு எளிதில் கைவருகின்றன. தமிழர் எழுதும் ஆங்கிலம் சற்றே அலுவல் நடையாக ஒலிப்பதற்குக் காலனியக் கல்வியை மட்டும் காரணமாகக் கூறுவது வழக்கம். தாய்மொழியின் வினை அமைப்புக்கும் அதில் பங்குண்டு எனக் கொள்வதே பொருந்தும்.

சொற்றொடர்வினையைத் தவிர்த்தல் பற்றிய ஆய்வுகளும் இங்கு நினைக்கத்தக்கன. டாகட், லாஃபர் ஆகியோர் 1985இல் எபிரேய மொழியினரை ஆராய்ந்து, தாய்மொழியில் இவ்வமைப்பு இல்லாமையே தவிர்ப்புக்குக் காரணம் என்றனர். ஹல்ஸ்டைன், மார்கேனா ஆகியோர் 1989இல் டச்சு மொழியினரை ஆராய்ந்தனர். டச்சு மொழியில் இவ்வமைப்பு உண்டு. ஆகவே அமைப்பு காரணமான தவிர்ப்பு அங்கே காணப்படவில்லை. ஆயினும் பொருள் காரணமான தவிர்ப்பு இருந்தது. தம் மொழியோடு மிக ஒத்திருந்த மரபுப்பொருள் வினைகளையும் சிலர் தவிர்த்தனர். ஒப்புமை தெரிந்தால் மட்டும் போதாது, அதனை நம்பலாமா என்னும் தெளிவும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. 'தள்ளிப்போடு' என்பதும் 'புட் ஆஃப்' என்பதும் இத்துணைப் பொருந்துவதைக் கண்ட மாணவர், இது தமிழாங்கிலப் பிழையோ என ஐயுறவும் கூடும்.

பெயராக நுழைந்தவை

பேச்சுத்தமிழில் சொற்றொடர்வினைகள் முன்பே குடியேறியுள்ளன. லாக்கப், செக்கப், மேக்கப், பிக்கப், கட்அவுட், பிரேக்டவுன், படப்பிடிப்புத் தளத்தின் பேக்கப் எனப் பட்டியல் நீளும். இவை யாவும் வினையாக அன்று, பெயராகவே வந்தன. தமிழ் இவற்றோடு 'பண்ணு', 'ஆகு' ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் வினையாக்கிக்கொள்கிறது. வண்டி பிரேக்டவுன் ஆகிறது. நண்பரைப் பிக்கப் பண்ணுகிறார்கள். 'ஆஃப் பண்ணு', 'ஆன் பண்ணு' என்பவற்றில் ஆங்கில வினை முற்றிலும் உதிர்ந்து சார்சொல் மட்டுமே எஞ்சியுள்ளது. பொருளின் சுமை சார்சொல்லில்தான் இருக்கிறது என்பதைப் பேசுவோர் தம்மை அறியாமலே கண்டுகொண்டனர் எனலாம்.

இவ்வரவால் விளையும் இடர் ஒன்றுண்டு. 'பிக்கப்' ஒரே சொல்லாக மனத்தில் பதிந்தபின், அதனைப் பிளந்து நடுவே மாற்றுப்பெயரை வைப்பது இயலாததாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் செயப்படுபொருள் மாற்றுப்பெயராயின் அது நடுவிலேயே வரவேண்டும்: 'பிக் ஹிம் அப்'. 'பிக் அப் ஹிம்' என்பது பிழை. அழுத்தமும் மாறுகிறது. பெயராகும்போது முதல் அசையில் அழுத்தம் விழும். வினையாகும்போது சார்சொல் அழுத்தம் பெறும். 'லுக் ஆஃப்டர்' போன்றவை இவ்வாறு பிளவுபடா. அவற்றில் 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல்லாகச் செயப்படுபொருளோடு ஒட்டி நிற்பதே காரணம்.

இந்திய ஆங்கிலத்தில் புதியனவும் தோன்றியுள்ளன. 'கோப் வித்' என்பது 'கோப் அப் வித்' என வழங்குகிறது. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' ஆகியவற்றின் சாயல் இதில் தெரிகிறது. கல்லூரிப் படிப்பை முடித்தலைப் 'பாஸ் அவுட்' என்பர்; இந்தியாவுக்கு வெளியே அது பெரும்பாலும் மயங்கி விழுதலாகக் கொள்ளப்படும். இவற்றைப் பிழை என ஒதுக்குவதைவிட, சார்சொல்லின் நிறைவுப்பொருளை இந்தியர் சரியாகவே உணர்ந்து, அதனை ஆங்கிலேயர் செல்லாத இடத்திற்கும் கொண்டு சென்றனர் எனக் கருதுவது நேரியது. நேர்காணலில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது என்பது வேறு செய்தி.

கற்பித்தலுக்கும் அகராதிக்கும்

பிராங்க் போயர்ஸ் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சொற்றொடர்வினைகளை உருவகப் பொருளின் அடிப்படையில் தொகுத்துப் படித்த பிரெஞ்சு மொழி மாணவர்கள், பிறமுறையில் படித்தோரைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் முன்பு படிக்காத வினைகளைத் தாமாகவே புரிந்துகொள்வதில் அப்பயன் தெரியவில்லை. தொகுத்துக் கற்பிப்பது நினைவைக் காக்கும். ஊகிக்கும் ஆற்றலைத் தானாகத் தந்துவிடாது. ஊகத்திற்குத் தாய்மொழியில் ஏற்கெனவே வேரூன்றிய ஒன்றைப் பிடிமானமாகக் காட்டவேண்டும். தமிழ் மாணவர்க்கு அப்பிடிமானம் துணைவினை.

இதனை நடைமுறைப்படுத்தும் இடம் ஆங்கிலம்-தமிழ் அகராதியே. 'அப்' என்னும் தலைச்சொல்லின்கீழ் 'மேலே' என்பது முதற்பொருளாக வரட்டும். அதனை அடுத்து, நிறைவுப்பொருளில் வினையெச்சத்தோடு 'விடு' அல்லது 'தீர்' எனவும், சேமிப்புப் பொருளில் 'வை' எனவும், ஏற்றல் பொருளில் 'மேற்கொள்' எனவும் துணைவினைகள் பொருளாகவே தரப்படவேண்டும். 'ஆஃப்' என்பதன்கீழ்த் 'தள்ளி', 'விட்டு' என்னும் எச்சங்களும் 'போ' என்னும் துணைவினையும் வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அது பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டும் உடன் வருதல் இன்றியமையாதது: 'விடு' என்பதன் எதிரே 'வந்துவிட்டான்' என்பதும், 'போ' என்பதன் எதிரே 'எரிந்துபோயிற்று' என்பதும்.

அத்தகைய பதிவை எழுத ஆங்கில அறிவு மட்டும் போதாது. 'எழுதிவிட்டான்', 'எழுதிவைத்தான்', 'எழுதிக்கொண்டான்', 'எழுதித் தள்ளினான்' ஆகிய நான்கையும் வேறுபடுத்தி விளக்கத் தெரிந்தவர் வேண்டும். ஆங்கிலத்துறை தனியே எழுதும் பாடநூல்களில் இப்பகுதி இடம்பெறாமைக்கு அத்துறையைக் குறைகூற இயலாது. தமிழ்த்துறைகளில் துணைவினை பற்றிய ஆய்வேடுகள் தமிழ் கற்றோர்க்காகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஹெரால்டு ஷிஃப்மன், வாசு அரங்கநாதன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் வினை அகராதி, ஆங்கிலம் பேசுவோர் தமிழ் வினையை அடைவதற்கு வழிசெய்தது. அதே பாதையில் எதிர்த்திசையில் வரவேண்டிய தமிழ் மாணவரின் கையில் இன்னும் இருப்பது, 'கிவ் அப் - கைவிடு' என்னும் ஒற்றை வரியே.